தாங்கும் கை: நீண்டகால மனச்சோர்வு எனக்குக் கற்பித்த பாடம்



ஆண்டு மலர் என்றதும் ஆலய வரலாறு, திருவிழாச் சிறப்பு, புராண விளக்கம் ஆகியவற்றையே நாம் எதிர்பார்ப்போம். நானும் அவற்றை விரும்பிப் படிப்பவன்தான். இம்முறை, ஆலயத் தொண்டில் என்னுடன் இருக்கும் அன்பர் ஒருவர், "உங்க நோயைப் பத்தி நீங்களே எழுதுங்கண்ணே. படிக்கிறவங்கள்ல நாலு பேருக்காவது பயன்படும்" என்றார். ஒரு வாரம் தயங்கினேன். "எனக்குச் சர்க்கரை நோய்" என்று சொல்ல நம்மில் எவரும் வெட்கப்படுவதில்லை. "எனக்கு மனச்சோர்வு நோய், கால் நூற்றாண்டுக்கும் மேலாக மருந்து எடுத்து வருகிறேன்" என்று சொல்லத்தான் நா எழுவதில்லை. அந்தத் தயக்கம்தான் இக்கட்டுரையை எழுத வேண்டியதற்குக் காரணம் என்று பிறகு உணர்ந்தேன். குடும்பத்தாரின் நலன் கருதி என் பெயரை மட்டும் தவிர்த்திருக்கிறேன். மற்றவை யாவும் நடந்தவை.

பந்தியில் ஒருவர்

மனநலக் கழகம் சிங்கப்பூரில் பெரியவர்களிடையே மனநலம் குறித்து நாடளாவிய ஆய்வுகளை நடத்தியுள்ளது. 2010ஆம் ஆண்டு ஆய்வில் 5.8 விழுக்காட்டினரும் 2016ஆம் ஆண்டு ஆய்வில் 6.3 விழுக்காட்டினரும் வாழ்நாளில் எப்போதாவது பெருமனச்சோர்வு நோய்க்கு ஆளானதாகக் கண்டறியப்பட்டது. அதாவது, 16 பேரில் ஒருவர். நமது அன்னதானக் கூடத்தில் நீள மேசையின் இருபுறமும் எட்டு எட்டுப் பேராக அமர்ந்து உண்கிறார்களே, அந்த ஒரு மேசைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனநோய் கண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல் எவ்வித உதவியையும் நாடவில்லை என்றும் 2016ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது.

ஏன் நாடவில்லை? என் தலைமுறையினருக்கு விடை தெரியும். 1928ஆம் ஆண்டு இயோ சூ காங் சாலையில் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டு அதற்கு உட்பிரிட்ஜ் என்று பெயர் சூட்டினார்கள். நான் சிறுவனாக இருந்தபோது, தெருவில் சண்டை வந்தால் ஒருவரையொருவர் ஏசப் பயன்பட்டது அந்தப் பெயர்தான். 1993ஆம் ஆண்டு மருத்துவமனை புவாங்கோக்கில் இப்போதுள்ள வளாகத்துக்கு மாறி, மனநலக் கழகம் என்ற பெயரும் பெற்றது. கட்டடமும் பெயரும் மாறின. நம் மனத்தில் இருந்த அச்சம் அவ்வளவு எளிதில் மாறவில்லை.

எனக்கு வந்த விதம்

1997ஆம் ஆண்டு தொடங்கிய ஆசியப் பொருளாதார நெருக்கடியின் பாதிப்பு மறு ஆண்டே எங்கள் தொழிற்சாலைக்கும் வந்தது. ஆட்குறைப்பில் என் வேலையும் போயிற்று. அப்போது எனக்கு வயது 38. மகள் தொடக்கநிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆயினும் உள்ளே ஏதோ ஒன்று திரும்பி வரவில்லை.

விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வரும். பிறகு உறக்கம் வராது. காலையில் எழுந்து பல் துலக்குவது மலையைத் தூக்குவது போலிருக்கும். சோறு மண்ணைப் போல் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் ஆலயம் செல்பவன், போவதை நிறுத்தினேன். சாமி மீது கோபமில்லை. சட்டையை எடுத்து மாட்டவே தெம்பில்லை. நெஞ்சு கனக்கிறது என்று இருதயப் பரிசோதனை செய்துகொண்டேன். இருதயத்தில் குறையில்லை என்றார்கள்.

உறவினர் பலரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார்கள். "உனக்கென்ன குறை? வேலை இருக்கு, வீடு இருக்கு" என்றார் ஒருவர். "மனசை நீதான் திடப்படுத்திக்கணும்" என்றார் மற்றொருவர். "கோயிலுக்கு வராம இருந்தா இப்படித்தான் ஆகும்" என்றும் ஒரு சொல் வந்தது. அந்தச் சொல்தான் ஆழமாகத் தைத்தது. நோயோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. என் பக்தி பொய்யானது, ஆதலால்தான் எனக்கு இந்த நிலை என்று நானே நம்பத் தொடங்கினேன்.

இது என்ன நோய்?

கவலை வேறு, மனச்சோர்வு நோய் வேறு. கவலை காரணத்தோடு வந்து காரணத்தோடு போகும். நோயைக் கண்டறிய மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள்:

1. நாள் முழுவதும் மனம் தாழ்ந்திருத்தல்.
2. முன்பு விரும்பியவற்றில் நாட்டம் அற்றுப்போதல்.
3. உறக்கம் கெடுதல் அல்லது அளவுக்கு மீறி உறங்குதல்.
4. பசியோ உடல் எடையோ மாறுதல்.
5. எப்போதும் களைப்பு.
6. செயலும் பேச்சும் மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாமல் தவித்தல்.
7. தன்னைப் பயனற்றவன் என்றோ குற்றவாளி என்றோ எண்ணுதல்.
8. ஒன்றில் கவனம் செலுத்தவும் முடிவெடுக்கவும் இயலாமை.
9. சாவைப் பற்றிய எண்ணம் மீண்டும் மீண்டும் வருதல்.

இவற்றுள் ஐந்தோ அதற்கு மேலோ இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் இருந்து, அவற்றில் முதல் இரண்டில் ஒன்றாவது சேர்ந்திருந்து, அன்றாட வாழ்க்கையும் கெட்டால் அது பெருமனச்சோர்வு. சிலருக்குச் சோர்வு இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீடிக்கும். சிலருக்குக் குணமாகிப் பின் திரும்பவும் வரும். எனக்குத் திரும்பத் திரும்ப வரும் வகை. நம்மவர்கள், குறிப்பாக மூத்தோர், "மனசு சரியில்லை" என்று சொல்லமாட்டார்கள். தலைவலி, நெஞ்சுக் கனம், வயிற்றைப் பிசைகிறது என்று உடம்பின் மேல் வைத்தே சொல்வார்கள். வீட்டிலுள்ளோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

தைராய்டு சுரப்பிக் குறைவு, இரத்தசோகை, பி12 உயிர்ச்சத்துக் குறைவு ஆகியவையும் இதே போன்ற சோர்வைத் தரக்கூடும். நெடுங்காலமாகச் சுத்த சைவ உணவு உண்பவர்களுக்குப் பி12 குறைவு ஏற்பட வாய்ப்புண்டு. ஆதலால், முதலில் மருத்துவரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நன்று.

திலகவதியாரும் என் அக்காவும்

திருநாவுக்கரசர் வரலாறு நாம் அறிந்ததே. மருள்நீக்கியார் என்ற பெயருடன் திருவாமூரில் பிறந்தார். பின்னாளில் சூலை நோய் அவரை வாட்டியது. உடனிருந்தோர் தமக்குத் தெரிந்த முறையெல்லாம் செய்து பார்த்தும் தீரவில்லை. கடைசியில் அவர் செய்தது என்ன? சமையல் செய்பவரை அனுப்பி, தமக்கை திலகவதியாருக்குத் தம் நிலையைச் சொல்லியனுப்பினார். பிறகு தாமே தமக்கையிடம் சென்றார். தமக்கையார் திருநீறு அளித்து, திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

சொற்பொழிவுகளில் இந்த இடத்தைக் கேட்கும்போது, சூலை தீர்ந்த அற்புதத்தையே நாம் நினைவில் கொள்கிறோம். நான் நோயாளி ஆன பிறகு என் கவனம் அதற்கு முந்திய கட்டத்துக்குச் சென்றது. "என்னால் தாங்க முடியவில்லை" என்று ஒருவருக்குச் சொல்லியனுப்பினாரே, அந்தக் கட்டத்துக்கு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தத் திலகவதியார் யார்? தமக்கென்று நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையாரைப் போரில் இழந்தவர். தந்தையையும் தாயையும் இழந்தவர். இனி வாழ்வதில்லை என்று முடிவு செய்தவர். தம்பி காலில் விழுந்து அழுததால், அவருக்காகவே உயிரைத் தாங்கிக்கொண்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. முன்பு தம்பி தமக்கையைத் தாங்கினார். பின்பு தமக்கை தம்பியைத் தாங்கினார். துயரத்தைக் கடந்த கைதான் துயரத்தில் இருப்பவரைப் பற்றித் தூக்கியது.

எனக்கும் ஓர் அக்கா உண்டு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். தோ பாயோவில் இருந்தார். சிறு வயதிலேயே கணவரை இழந்து, துப்புரவு வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். 1999ஆம் ஆண்டு பொங்கலன்று வீட்டுக்கு வந்தவர், நான் தட்டில் வைத்த பொங்கலைத் தொடாமல் இருப்பதைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. புறப்படும்போது, "தம்பி, திங்கக்கெழமை எனக்கு லீவு. ரெண்டு பேரும் பலதுறை மருந்தகத்துக்குப் போவோம்" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

"ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லட்டும். நான் துணைக்குத்தான் வரேன்."

மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு என்னால் விடை கூற முடியவில்லை. அழுகைதான் வந்தது. அக்கா என் முதுகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் விட்ட இடங்களை அவரே எடுத்துச் சொன்னார். அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அக்கா காப்பி வாங்கிக் கொடுத்தார். "எனக்கும் உங்க மாமா போன வருஷம் இப்படித்தான் இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும்" என்றார். அதுவரை எனக்குத் தெரியாத செய்தி அது.

மாத்திரையும் விரதமும்

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்கு மாத்திரை என்பது நேற்று வந்ததன்று. 1950களில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்ற மருந்து சோர்வுற்றோரைத் தேற்றுவதைக் கண்டறிந்தார். 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபுளுவாக்சிட்டினுக்கு அனுமதி கிடைத்த பிறகு, பக்க விளைவு குறைந்த புதிய வகை மாத்திரைகள் பரவலாயின.

இம்மாத்திரைகளைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டித் தெளிவாகச் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். குமட்டல், தலைவலி போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வரலாம். நன்மையோ இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தே தெரியத் தொடங்கும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். ஆதலால், பலர் முதல் வாரத்திலேயே "ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். தொல்லை இருந்தால் மருத்துவரிடமே சொல்ல வேண்டும். மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ அவருக்குத் தெரியும். குணமான பின்பும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும். என்னைப் போல் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் தொடர நேரிடும்.

நான் எட்டாவது வாரத்தில் சோற்றின் ருசியை மீண்டும் உணர்ந்தேன். அது வெறும் ரசம் சோறுதான். மூன்று ஆண்டுகள் நல்லபடியாகச் சென்றன. பிறகு நான் ஒரு தவறு செய்தேன். இதனைப் படிக்கும் எவரும் அதனைச் செய்யக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

2003ஆம் ஆண்டு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். 48 நாள் விரதம். தெரிந்த பெரியவர் ஒருவர், "விரதத்துல இங்கிலீஷ் மருந்து சாப்பிடலாமா? சாமி மேல பாரத்தைப் போட்டுட்டு நிறுத்துங்க" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. மாத்திரையை நிறுத்துவதே பக்திக்குச் சான்று என்று எண்ணினேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. சில நாள் தலை சுற்றியது. மின்சாரம் தாக்கியது போல் தலைக்குள் வெட்டி வெட்டி இழுத்தது. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி நேரும் என்பது பிற்பாடு தெரிந்தது. அதனையும் சோதனை என்று பொறுத்துக்கொண்டேன். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை பால்குடம் சுமந்து நடந்தேன். முருகன் அருளால் குணமாகிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அந்த இரவு

ஏப்ரல் மாதம். சார்ஸ் கிருமி பரவி நாடே அச்சத்தில் இருந்த நேரம். நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியிருந்தது. முருகனே கைவிட்டபின் எனக்கு இனி என்ன இருக்கிறது என்ற எண்ணம் இரவும் பகலும் ஓடியது. மனைவிக்கு இரவு வேலை. மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். விடியற்காலை 3 மணிக்கு, நான் இல்லாவிட்டால் இவர்களுக்குச் சுமை குறையும் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். அன்று எனக்கு அது தெளிவான கணக்காகத் தெரிந்தது. அது என் கணக்கன்று, நோய் போட்ட கணக்கு என்பதை இன்று அறிவேன்.

தொலைபேசியை ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அக்காவின் எண்ணை அழைத்தேன். மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னேன். மனத்தில் இருந்ததையும் சொன்னேன். அவர் அழவில்லை, ஏசவில்லை. "கதவைத் தொறந்து வச்சிட்டு ஹால்ல உக்காரு. போனை வைக்காத, மகன்கிட்ட கொடுக்கிறேன், அவனோட பேசிக்கிட்டே இரு. நான் டாக்சியில வரேன்" என்றார். தோ பாயோவிலிருந்து ஈசூனுக்கு வர அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து விடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. விரதம் இருப்பதாக முன்பே சொல்லியிருந்தால், மாத்திரை நேரத்தை அதற்கேற்ப மாற்றித் தந்திருப்பேன் என்று மட்டும் சொன்னார். அவ்வளவு எளிய வழி இருந்திருக்கிறது! வீடு திரும்பும் வழியில் அக்கா சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "மருந்தைக் கொடுத்ததும் அந்த முருகன்தான்னு நெனச்சுக்க, தம்பி."

தாங்கிக்கொள்ள உதவியவை

அப்பர் பெருமானுக்குச் சூலை தீர்ந்தது. எனக்கு நோய் அடியோடு தீரவில்லை. மீண்டும் மீண்டும் எட்டிப் பார்க்கிறது. ஆயினும் அதனோடு வாழக் கற்றிருக்கிறேன். உதவியவை நான்கு.

முதலாவது, மருந்து. காலை உணவுக்குப் பின் மாத்திரை. சாமி படத்துக்கு விளக்கேற்றியதும் அதனை எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டதால் மறப்பதில்லை.

இரண்டாவது, பேச்சுச் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் வகுத்த முறை அது. "நான் எதற்கும் உதவாதவன்" என்பது போல் தானாக எழும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அதற்குச் சான்று என்ன என்று கேட்கப் பழக்குகிறார்கள். இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார்கள்: மனம் தெளிந்தபின் செயல்படலாம் என்று காத்திருக்காதே, செயல்பட்டால் மனம் சற்றுத் தெளியும். பத்து நிமிட நடையில் தொடங்கினேன். இப்போது தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன்.

மூன்றாவது, தொண்டு. 2003ஆம் ஆண்டு பிற்பகுதியில் அக்கா என்னை ஓர் ஆலயத்தின் அன்னதானச் சமையற்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்த பெரியவர் என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு கட்டுப் பயற்றங்காயையும் கத்தியையும் கொடுத்து, "ஒரு விரல் நீளத்துக்கு நறுக்குங்க, தம்பி" என்றார். நறுக்கினேன். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனபோது, "போன வாரம் ஆள் பத்தல. நீங்க வந்தது நல்லதாப் போச்சு" என்றார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. எனக்காகக் காத்திருக்கும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று அன்று உணர்ந்தேன். நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் அளிக்கும் அரிசியும் பருப்பும் பசித்தவர் வயிற்றை நிரப்புவதை நீங்கள் அறிவீர்கள். அவற்றைக் கழுவி, நறுக்கி, பரிமாறும் கைகளில் சில, அந்த வேலையால் உயிர் தரித்திருக்கும் கைகள் என்பதையும் அறிந்து மகிழுங்கள்.

நான்காவது, முன்னறிவிப்புப் பட்டியல். நோய் திரும்பும் முன் சில அடையாளங்களைக் காட்டும். என்னுடையவை: சட்டையை இஸ்திரி போடாமல் அணிவது, தொலைபேசி அடித்தும் எடுக்காமல் இருப்பது, "இந்த வாரம் கோயிலுக்கு வரலை" என்று இருமுறை தொடர்ந்து சொல்வது. இவற்றைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம். இரண்டு சேர்ந்து வந்தால் மனைவி மருத்துவமனைக்கு முன்பதிவு செய்துவிடுவார். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட்-19 நோய்ப் பரவலை முறியடிக்க நாடு அடைத்திருந்தபோது, நடை, ஆலயம், சமையற்கூடம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின. பட்டியல் எச்சரித்தது. மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டினார். சமையற்கூடத்துப் பெரியவர் நாள்தோறும் மாலை 6 மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். இம்முறை நான் விழவில்லை.

அன்பர்கள் செய்யக்கூடியவை

நம்மில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவர்கள் என்ன செய்யலாம்? பட்டு அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

1. "பக்தி குறைவு", "கர்ம வினை" என்று சொல்லாதீர்கள். காய்ச்சலுக்கு அப்படிச் சொல்வோமா?
2. அறிவுரையைக் குறைத்துத் துணையைக் கூட்டுங்கள். "டாக்டரைப் பார்" என்பதைவிட "நான் கூட வரேன்" என்பது பெரிது.
3. சிறு வேலை ஒன்றைக் கொடுங்கள். வராவிட்டால் கண்டிக்காதீர்கள். வந்தால் மகிழுங்கள்.
4. விரதமோ வேண்டுதலோ மேற்கொள்ளும் அன்பர் மாத்திரை எடுப்பவராயின், முதலில் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். நாட்டு மருந்து சேர்த்து உண்பதாயினும் அவ்வாறே.
5. சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சுமை இறங்கும். தனியே விடாதீர்கள்.
6. நோயாளியைத் தாங்குபவரையும் கவனியுங்கள். என் மனைவியிடம் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

தற்கொலைக்கு முயல்வது சிங்கப்பூரில் முன்பு குற்றமாக இருந்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து அது குற்றமன்று. ஆதலால், போலிசுக்கு அஞ்சி எவரும் உதவி கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. பெருமனச்சோர்வுக்கான வெளிநோயாளிச் சிகிச்சைக் கட்டணத்தில் ஒரு பகுதியை மெடிசேவ் கணக்கிலிருந்து செலுத்தவும் வழியுண்டு. முதலில் எங்கே செல்வது என்று தெரியாவிட்டால், வீட்டுக்கு அருகிலுள்ள பலதுறை மருந்தகமோ குடும்ப மருத்துவரோ போதும்.

நள்ளிரவில் அழைப்பதற்கு அக்கா இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த எண்களைத் தருகிறேன். 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767. மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. 2025ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய மனநல உதவி எண் 1771. மூன்றும் 24 மணி நேரமும் இயங்குபவை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995 எண்ணை அழையுங்கள். இப்பக்கத்தைக் கத்தரித்து வீட்டில் ஒட்டி வைத்தாலும் நன்றே.

நிறைவாக

அக்காவுக்கு இப்போது முழங்காலில் வலி. தனியே வெளியே செல்ல இயலாது. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் நான் அவர் வீட்டுக்குச் சென்று, சக்கர நாற்காலியில் அமர்த்தி ஆலயத்துக்கு அழைத்து வருகிறேன். என் மனம் கனத்துக் கிடக்கும் வாரங்களிலும் போகிறேன். அவர் கதவைத் திறந்து வைத்து ஹாலில் காத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

நோய் தீரட்டும் என்று இறைவனிடம் நான் இன்றும் வேண்டுகிறேன். தீராவிட்டால் தாங்கும் வலிமையைக் கொடு, தாங்கும் கை ஒன்றையும் கொடு என்று சேர்த்து வேண்டுகிறேன். அன்பர்களே, அடுத்த முறை அன்னதானப் பந்தியில் அமரும்போது அந்த 16 பேரில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசாமல் இலையைப் பார்த்தபடி இருக்கலாம். பக்கத்தில் சற்று நேரம் இருங்கள். "கூட வரேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒருவர் தாங்களாகவே இருந்தால், தயவு செய்து இன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் உடல் நலமும் மன நலமும் அருள்வானாக.